விளையாடிய இரவுகளில் கெண்டைக்கால் இழுக்கிறது, உப்பு குறைந்துவிட்டதா?

வாசகரின் கடிதம், சுருக்கமாக:

எனக்கு வயது 48. நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கும் வேலை. நான்கு ஆண்டுகளாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரே மாத்திரையில் இரண்டு மருந்துகள்; அதில் ஒன்று சிறுநீரை அதிகமாக்குவது என்றார்கள். கொழுப்புக்கு ஒரு மாத்திரையும் உண்டு. இருபது ஆண்டுகள் புகைத்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் விட்டுவிட்டேன். மூன்று மாதமாக நடைப்பயிற்சி. ஆறு வாரங்களாக வாரத்துக்கு மூன்று மாலை நண்பர்களோடு ஒன்றரை மணி நேரம் பேட்மிண்டன். கடைசி ஆட்டத்திலோ, அன்று இரவு இரண்டு மணிக்கோ கெண்டைக்கால் கல் மாதிரி இறுகிவிடுகிறது. மறுநாள் நொண்டி நடக்கிறேன். உடம்பில் உப்பு குறைந்துவிட்டது என்று நண்பர்கள் சொன்னதால், உப்புக்கரைசல் பாக்கெட்டும் உப்பு மாத்திரையும் எடுக்கிறேன். ரத்த அழுத்த மாத்திரைதான் உப்பை வெளியேற்றுகிறது என்று ஒருவர் சொன்னார். அதைப் பத்து நாட்களாக நிறுத்தியிருக்கிறேன். மெக்னீசியமும் வாங்கி வைத்திருக்கிறேன். லாக்டிக் அமிலம் தேங்கி நிற்பதாகப் பயிற்சியாளர் சொல்கிறார். நரம்பு சுருண்டுகொண்டது என்கிறார்கள் வீட்டில். என்ன பரிசோதனை செய்ய வேண்டும்? எந்த மாத்திரை நல்லது? அடுத்த மாதம் ஒரு போட்டி இருக்கிறது, ஆடலாமா? இன்னொன்று: நடக்கும்போது, மேடு ஏறினால் இடது கெண்டைக்கால் மட்டும் பிடிக்கிறது, இரண்டு நிமிடம் நின்றால் போய்விடுகிறது. அது பெரிய தொந்தரவில்லை.

அன்புள்ள வாசகருக்கு,

பெரிய தொந்தரவில்லை என்று நீங்கள் கடைசியில் எழுதிய அந்த ஒரு வரிதான் கடிதத்திலேயே முக்கியமானது. அதற்குக் கொஞ்சம் தள்ளி வருகிறேன். அதற்கு முன், இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

மாத்திரை விஷயம்

ரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தியது தவறு. உங்களிடம் அப்படிச் சொன்னவர் முழுக்கப் பொய் சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சிறுநீரை அதிகமாக்கும் மருந்து உப்பையும் பொட்டாசியத்தையும் சேர்த்தே வெளியேற்றும். சிலருக்கு அதனால் தசைப்பிடிப்பு வருவதும் உண்டு. அப்படித்தானா என்பதை ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மூன்றையும் பார்த்தால் தெரிந்துவிடும். குறைந்திருந்தால் மருத்துவர் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்து தருவார். மாற்று மருந்துகளுக்குப் பஞ்சமே இல்லை. அதை விட்டுவிட்டு ஒரு பக்கம் மாத்திரையை நிறுத்தி, மறுபக்கம் உப்பை ஏற்றினால் ரத்த அழுத்தம் இரண்டு கையாலும் மேலே தள்ளப்படுகிறது. அந்த நிலையில் வாரத்துக்கு மூன்று நாள் வேகமாக ஓடி ஆடுகிறீர்கள். கெண்டைக்கால் இழுப்பதைவிட இதுதான் எனக்குக் கவலை.

ஒரு நாளைக்கு, உணவில் இருப்பதையும் சேர்த்து, 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு தேக்கரண்டி உப்பு அந்த அளவுக்கு வந்துவிடும். நம்மில் பலர் சாப்பாட்டிலேயே அதைத் தாண்டிவிடுகிறோம். உங்களுக்கு உப்பு மாத்திரை தேவையில்லை. பாக்கெட் கரைசல் வயிற்றுப்போக்குக்காக வந்தது. ஒன்றரை மணி நேர விளையாட்டுக்கு வழக்கமான பானமாக அதைக் குடிக்க வேண்டியதில்லை.

இன்றே ரத்த அழுத்தத்தை அளந்து, மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் பேசுங்கள். பத்து நாள் விட்டதைச் சொல்லத் தயங்க வேண்டாம். அவர் இதைப் பலமுறை கேட்டிருப்பார். விட்டுப்போனதை ஈடுகட்ட இரட்டிப்பாக விழுங்குவது மட்டும் கூடவே கூடாது. இன்னொரு எச்சரிக்கை: இத்தகைய கூட்டு மாத்திரைகளில் இருக்கும் இரண்டாவது மருந்து பெரும்பாலும் பொட்டாசியத்தை உடம்பிலேயே தக்கவைக்கும் வகையைச் சேர்ந்தது. அதோடு பொட்டாசியம் மாத்திரையோ, சோடியம் குறைந்தது என்று விற்கும் மாற்று உப்போ சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே பாதிக்கலாம். ரத்தப் பரிசோதனை முடியும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

உப்பு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

இது ஆதாரமில்லாத கதை அல்ல. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் ஆழ் சுரங்கங்களிலும் கப்பல்களின் கொதிகலன் அறைகளிலும் வேலை செய்தவர்களுக்குக் கடும் தசைப்பிடிப்பு வந்தது. மணிக்கணக்காக வியர்த்துக் கொட்டி, வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். தண்ணீரில் உப்புச் சேர்த்துக் கொடுத்ததும் பிடிப்பு குறைந்தது. அதிலிருந்து விளையாட்டு வீரரின் பிடிப்புக்கும் இதே விளக்கம் ஒட்டிக்கொண்டது.

பிற்காலத்தில் நீண்ட தூர ஓட்டக்காரர்களின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது கணக்கு உதைத்தது. பிடிப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் உடம்பின் நீர் அளவிலோ உப்பிலோ சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது: பிடிப்பு வந்தவர்கள் தாங்கள் பழகியதைவிட வேகமாக ஓடியிருந்தார்கள், முன்பும் அவர்களுக்குப் பிடிப்பு வந்திருந்தது. உங்கள் காலையே எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு குறைவது உடம்பு முழுக்கத்தான். அப்படியிருக்க, ஆட்டத்தில் அதிகம் உழைத்த கெண்டைக்கால் மட்டும் ஏன் இழுக்க வேண்டும்? பாதத்தை மேல்நோக்கி மடக்கியதும் அரை நிமிடத்தில் விட்டுவிடுகிறதே, அந்த அரை நிமிடத்தில் எந்த உப்பு உள்ளே போனது?

1997-ல் தென்னாப்பிரிக்க மருத்துவர் மார்ட்டின் ஷ்வெல்னஸ் முன்வைத்த விளக்கம் இந்தக் கேள்விகளுக்குப் பொருந்துகிறது. தசைக்குள் நீட்சியை உணரும் நுண்ணுறுப்புகள் 'சுருங்கு' என்று தூண்டுகின்றன. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் இழுவையை உணரும் நுண்ணுறுப்புகள் 'போதும், தளர்' என்று அடக்குகின்றன. தசை மிகவும் களைத்துப்போகும்போது முதலாவது ஓங்குகிறது, இரண்டாவது ஓய்ந்துபோகிறது. தண்டுவடத்திலிருந்து தசைக்கு வரும் கட்டளை நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறது. தசை ஏற்கெனவே சுருங்கிய நிலையில் இருந்தால் தசைநாணில் இழுவையே இருக்காது. அடக்கும் குரலும் எழாது. தசையை நீட்டினால் அந்தக் குரல் மீண்டும் எழுகிறது, பிடிப்பு விடுகிறது. இதுவே முழு விளக்கம் என்று ஆராய்ச்சியாளர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் உங்கள் கதைக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரியவில்லை.

இரவு இரண்டு மணிக்கு ஏன் என்பதும் இதில் விளங்கும். கெண்டைக்கால் தசையின் ஒரு முக்கியப் பகுதி முழங்காலையும் கணுக்காலையும் சேர்த்துக் கடக்கிறது. முழங்காலைச் சற்று மடக்கி, பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து நாம் தூங்கும்போது அது இரண்டு முனையிலும் குறுகிக் கிடக்கிறது. அன்று மாலை களைத்த தசை அது. தூக்கத்தில் காலை நீட்டி முறித்தால் போதும், பாதம் இன்னும் கீழே போய் இழுத்துக்கொள்கிறது.

பயிற்சியாளர் சொன்ன லாக்டிக் அமிலம் ஆட்டம் முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும், நள்ளிரவுவரை காத்திருக்காது. வீட்டில் சொல்வதுபோல நரம்பு எதுவும் சுருளவில்லை. கையில் கட்டியாகத் தட்டுப்படுவது இறுகிய தசைதான். மறுநாள் வலி, அவ்வளவு பலமாகச் சுருங்கிய தசையில் மிஞ்சிய நோவு. ஓரிரு நாளில் போய்விடும்.

உப்புக்கு இடமே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. வெயிலில் மணிக்கணக்காக ஆடி, சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும் அளவுக்கு வியர்த்து, காலோடு கை, வயிறு என்று பல இடத்தில் பிடிப்பு வருகிறவர்களுக்கு உப்பும் தண்ணீரும் சேர்ந்துதான் வேண்டும். நீங்கள் அந்த வகையா என்று பார்க்க ஒரு எளிய வழி: ஆட்டத்துக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, குறைந்த உடைகளோடு எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால், இடையில் குடித்ததைத் தவிர, சுமார் ஒரு லிட்டர் போயிருக்கிறது. பெரும்பாலோருக்குத் தாகத்துக்குத் தண்ணீர் குடித்து, வழக்கமான உணவைச் சாப்பிட்டாலே அது திரும்பிவிடும். பிடிப்புக்குப் பயந்து லிட்டர் லிட்டராகத் தண்ணீரை ஏற்றுவதும் ஆபத்து. 2002-ல் பாஸ்டன் மாரத்தான் ஓடி முடித்து, பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தவர்களில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்புக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குக் குடித்ததுதான் அதில் முதன்மையான காரணம்.

இழுக்கும் அந்த நிமிடத்தில்

ஆட்டத்தை நிறுத்துங்கள். இரவென்றால் படுக்கையில் எழுந்து உட்காருங்கள். முழங்காலை நீட்டி, கால் விரல்களை உங்கள் முகத்தை நோக்கி மடக்குங்கள். முதலில் கையால் இழுக்காமல், காலின் சொந்த பலத்திலேயே மடக்கப் பாருங்கள். முன்னங்கால் தசை வேலை செய்யத் தொடங்கினால், அதற்கு எதிர்ப்புறம் இருக்கும் கெண்டைக்கால் தசைக்குத் தளரும்படி அனிச்சையாகவே உத்தரவு போகும். அது போதாவிட்டால் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி மெதுவாக இழுங்கள். நிற்க முடிந்தால் சுவரில் கை ஊன்றி, இழுத்த காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாயுங்கள். வெடுக்கென்று இழுக்க வேண்டாம், தசை கிழியலாம். அரை நிமிடம், ஒரு நிமிடம் பிடித்து, விட்டு, மறுபடியும். தளர்ந்த பிறகு மெல்லத் தேய்த்துவிடலாம், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம், வீட்டுக்குள் நாலு அடி நடக்கலாம். அன்று மாலை மீண்டும் மட்டையைத் தூக்க வேண்டாம். ஒரு முறை இழுத்த தசை அடுத்த சில மணி நேரத்துக்கு மறுபடியும் இழுக்கத் தயாராகத்தான் இருக்கும்.

வெள்ளரிக்காய் ஊறிய வினிகர் உப்புநீரைச் சில வீரர்கள் குடிப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், மின்தூண்டலால் வரவழைத்த பிடிப்பு, தண்ணீர் குடித்தபோது இருந்ததைவிட அதைக் குடித்தபோது சீக்கிரம் விட்டது. சுமார் ஒன்றரை நிமிடம்தான் ஆனது. ரத்தத்தின் உப்பு அளவு அதற்குள் மாறவில்லை. தொண்டையில் பட்ட காரமான புளிப்பு நரம்பு வழியாகத் தசையை அடக்கியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். சுவாரசியமான விஷயம்தான். ரத்த அழுத்தக்காரரான உங்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். காலை நீட்டுவது அதைவிட வேகமாக வேலை செய்கிறது, செலவும் இல்லை.

திரும்ப வராமல் இருக்க

உட்கார்ந்த வேலையிலிருந்து நேராக வாரம் நாலரை மணி நேர பேட்மிண்டனுக்குத் தாவியிருக்கிறீர்கள். குதிப்பது, சட்டென்று நின்று திரும்புவது, முன்பாதத்தில் பாய்வது எல்லாம் கெண்டைக்காலின் தலையில்தான் விழுகிறது. நடைப்பயிற்சி அதை இதற்குத் தயார்ப்படுத்தவில்லை. எனவே மருந்தைத் தேடுவதைவிட அளவைத் திருத்துவதுதான் முதல் வேலை. அடுத்த இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு மாலை, நாற்பது நிமிடம். இழுக்காமல் போனால் வாரத்துக்குப் பத்து நிமிடம் கூட்டுங்கள். ஆடும்போது வரும் பிடிப்பு கடைசி ஆட்டத்தில்தான் வருகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் அதற்கு முந்தைய ஆட்டத்தோடு மட்டையை உறைக்குள் வைத்துவிடுங்கள். நண்பர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

இரண்டாவது வேலை, அந்தத் தசையைப் பலப்படுத்துவது. சுவரைத் தொட்டு நின்று இரண்டு காலாலும் குதிகாலைத் தூக்கி, மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக இறக்குங்கள். பன்னிரண்டு முறை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். அது சுலபமானதும் படியின் விளிம்பில் நின்று, குதிகால் படிக்குக் கீழே போகும்வரை இறக்குங்கள். பிறகு ஒற்றைக் காலில். ஒற்றைக் காலில் இருபது முறை தடுமாறாமல் தூக்க முடிந்தால் அந்தக் கால் ஆட்டத்துக்குத் தேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். முதல் நாள் நீங்கள் எட்டிலேயே நின்றுபோனால் அதிர்ச்சி அடையாதீர்கள். மேசை வேலைக்காரர்களில் பலர் அங்கேதான் தொடங்குகிறார்கள்.

தூங்கும் முன் கெண்டைக்காலையும் பின்தொடையையும் நீட்டிவிடுங்கள். நெதர்லாந்தில் 55 வயதைக் கடந்தவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், ஆறு வாரம் இப்படிச் செய்தவர்களுக்கு இரவுப் பிடிப்பு குறைந்தது. 2012-ல் அது வெளியானது. ஆட்டத்துக்கு முன் நீட்டுவது பிடிப்பைத் தடுக்கும் என்பதற்கு அவ்வளவு உறுதியான சான்று இல்லை. ஐந்து நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொள்வதே அப்போது போதும். படுக்கையில் போர்வையின் கால்மாட்டைத் தளர்வாக விடுங்கள். இறுக்கமான போர்வை பாதத்தைக் கீழே அழுத்தும்.

வாங்கி வைத்த மெக்னீசியத்தைப் பற்றி: வயதானவர்களின் இரவுப் பிடிப்புக்கு அது குறிப்பிடத்தக்க பலன் தருவதில்லை என்பது மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-ல் புதுப்பித்த தொகுப்பாய்வின் முடிவு. உடற்பயிற்சியால் வரும் பிடிப்புக்கு முறையான சோதனை எதுவும் அவர்கள் கண்ணில் படவேயில்லை. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்குப் பெரிய கெடுதல் இல்லை, வயிற்றைக் கலக்கும். கிரியாட்டினின் தெரியும்வரை டப்பாவைத் திறக்காதீர்கள். யாராவது மலேரியா மருந்தான குயினைன் என்று சொன்னால் ஒரே வார்த்தையில் மறுத்துவிடுங்கள். பிடிப்பை ஓரளவு குறைக்கும்தான். ஆனால் ரத்தத் தட்டணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடக்கூடியது. அதனாலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கால் பிடிப்புக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறது.

கொழுப்பு மாத்திரையும் சிலருக்குத் தசைவலி தரும். அது பெரும்பாலும் இரண்டு தொடைகளிலும் தோளிலும் மந்தமாக நீடிக்கும் வலி. உங்களுடையது அந்த ஜாடையில் இல்லை. சந்தேகம் தீர, ரத்தம் எடுக்கும்போது சிகே என்ற தசை நொதியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லலாம். கடுமையாக ஆடிய மறுநாள் எடுத்தால் அது தானாகவே உயர்ந்திருக்கும் என்பதால், மூன்று நான்கு நாள் ஆடாமல் இருந்துவிட்டுக் கொடுங்கள். கொழுப்பு மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். ஏன் என்பது அடுத்த பகுதியில் புரியும்.

நீங்கள் கடைசியில் எழுதிய வரி

மேடு ஏறினால் இடது கெண்டைக்கால் மட்டும் பிடிக்கிறது, இரண்டு நிமிடம் நின்றால் போகிறது என்கிறீர்கள். இது இரவில் வருவதோடு சேர்ந்ததல்ல. தசைப்பிடிப்பு நினைத்த நேரத்தில் வரும், கல்லாக இறுகும், நீட்டினால் விடும். நடையின்போது கிட்டத்தட்ட அதே தூரத்தில் தொடங்கி, கட்டி எதுவும் தட்டுப்படாமல், நின்றாலே விட்டுவிட்டு, மறுபடி நடந்தால் அதே தூரத்தில் திரும்ப வருகிற வலிக்குக் காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி குறுகியிருப்பது ஒரு முக்கியக் காரணம். ரத்த அழுத்தம், கொழுப்பு, இருபது ஆண்டுப் புகைப்பழக்கம் மூன்றும் உங்களிடம் இருப்பதால் இதை நான் சந்தேகப்பட்டே ஆக வேண்டும். முதுகுத்தண்டில் நரம்புக்கு இடம் குறுகினாலும் நடக்கும்போது கால் வலிக்கும். ஆனால் அது வெறுமனே நின்றால் போகாது, உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோதான் போகும்.

இதற்கான பரிசோதனை ஊசிகூட இல்லாதது. கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தத்தை அளந்து, கணுக்கால் அளவைக் கையின் அளவால் வகுத்துப் பார்ப்பார்கள். கணுக்கால் அளவு கையின் அளவுக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்க வேண்டும். விகிதம் 0.90 அல்லது அதற்குக் கீழே இருந்தால் தமனி குறுகியிருக்கிறது என்று அர்த்தம். படுத்திருக்கும்போது சரியாக இருந்து நடந்தபின் குறைவதும் உண்டு என்பதால், நடக்கவைத்து மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். காலில் தமனி குறுகியவருக்கு இதயத்தின் தமனிகளிலும் அதே வேலை நடந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம். இதய நோய்ப் பரிசோதனையையும் மருத்துவர் யோசிப்பார். பயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. இந்த நோய்க்கு முதல் சிகிச்சையே நடைதான்: வலி நன்றாகத் தெரியும்வரை நடந்து, நின்று, வலி போனதும் மறுபடி நடப்பது, வாரம் மூன்று நாளாவது, மருத்துவரின் மேற்பார்வையில். அதோடு கொழுப்பு மாத்திரை, ரத்த அழுத்தக் கட்டுப்பாடு. நீங்கள் புகையை விட்டது இதில் எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி.

சில அறிகுறிகளுக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்: ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலி மணிக்கணக்கில் நீடிப்பது ரத்தக்கட்டாக இருக்கலாம், அந்தக் காலைத் தேய்க்கவே கூடாது. கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கறுத்த பழுப்பு நிறத்தில் போவது தசை சிதைவதன் அடையாளம். கால் திடீரென்று குளிர்ந்து வெளுத்து மரத்துப்போவதும், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வருவதும் அவசரம்.

போட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்து, கணுக்கால் பரிசோதனையும் இதயப் பரிசோதனையும் சரியாக இருந்தால் ஆடலாம். ஒற்றையர் வேண்டாம், இரட்டையரில் பெயர் கொடுங்கள், ஒரு நாளில் இரண்டு ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பரிசோதனைகள் அதற்குள் முடியவில்லை என்றால் இந்த முறை விட்டுவிடுங்கள்.